பெஹாலாவில் பிறந்த ஓவியரும் அப்பாவின் கையெழுத்தும்

ஊரிலிருந்து யார் கல்கத்தா வந்தாலும், நான் பெஹாலாவில் இருக்கிறேன் என்று சொன்னவுடனே கேட்கிற முதல் கேள்வி, "அப்ப கங்குலி வீடு பக்கத்துலயா?" என்பதுதான். நாலு வருஷத்தில் பதினோரு குடும்பங்களைக் கூட்டிக்கொண்டு போய் அந்த வாசலைக் காட்டியிருக்கிறேன். (பேங்க் காரன் எதையும் எண்ணாமல் இருக்க மாட்டான்.) வாசல் முன்னால் ஒரு போட்டோ, திரும்பும்போது மண்சட்டியில் மிஷ்டி தோய். அதோடு பெஹாலா தரிசனம் முடிந்தது.

இதே பெஹாலாவில் 1904 பிப்ரவரி 7-ந்தேதி இன்னொருவர் பிறந்தார். ஒரு கண்ணில் பார்வையே கிடையாது. இன்னொரு கண்ணில் கடுமையான கிட்டப்பார்வை. ஐம்பது வயது தாண்டியதும் அதுவும் போயிற்று. ஆனாலும் இந்திய ஓவியத்தின் பெரிய பெயர்களில் ஒன்று, பினோத் பிஹாரி முகர்ஜி. அவர் பிறந்த வீடு எங்கே என்று ஒருத்தரும் என்னைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நான் முழித்திருப்பேன். அவரைப் பற்றி சத்யஜித் ராய் ஒரு படம் எடுத்திருக்கிறார் என்பதே எங்கள் கீழ்வீட்டு மாஸ்டர்மொஷாய் சொல்லித்தான் தெரியும். (ரிட்டயரான பள்ளிக்கூட வாத்தியாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.)

படத்தின் பெயர் 'தி இன்னர் ஐ'. அதாவது அகக்கண். 1972-ல் பிலிம்ஸ் டிவிஷனுக்காக எடுத்தது. மொத்தமே இருபது நிமிஷம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டு டிவியில் போட்டோம். நான், தங்கமணி, பன்னிரண்டாவது படிக்கும் மகள், ஜோகாவிலிருந்து வந்த சாஃப்ட்வேர் நண்பர், மாஸ்டர்மொஷாய், என் அப்பா. ஆறு பேர், ஆறு அபிப்பிராயம். அதில் ஒருவர் படத்தைப் பார்க்கவே இல்லை. அவர் சொன்னதைத்தான் மூணு மாசமாக மனசில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் அந்த மனிதர்

1904-ல் பெஹாலா என்பது கல்கத்தாவே கிடையாது. தெற்கே தள்ளி இருந்த தனி ஊர். மாநகராட்சிக்குள் சேர்ந்ததே 1980-களில்தான். கண் இப்படி இருந்ததால் பினோத் பிஹாரிக்கு ஒழுங்கான பள்ளிப் படிப்பு அமையவில்லை. 1917-ல் சாந்திநிகேதனுக்குப் போனார். 1919-ல் தாகூர் அங்கே கலாபவனத்தை ஆரம்பித்தபோது அதன் ஆரம்பகால மாணவர்களில் ஒருவராகச் சேர்ந்தார்.

ஆசிரியர் நந்தலால் போஸ். கண் சரியில்லாத பையன் ஓவியம் படித்து என்ன பண்ணுவான் என்று அவருக்குத் தயக்கம் இருந்ததாம். பையனுக்கு ஆர்வம் இருந்தால் விடுங்கள், பிற்காலத்தைப் பற்றி இப்போதே கவலைப்படாதீர்கள் என்கிற மாதிரி தாகூர் சொன்னதாகச் சொல்வார்கள். இந்த ஒரு வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருகிறேன்.

1925 வாக்கில் அங்கேயே ஆசிரியர் ஆனார். 1937-38-ல் ஜப்பான் போய் அங்கத்திய ஓவிய முறைகளைப் பார்த்து வந்தார். 1940-ல் கலாபவன விடுதியின் உள்கூரையில் பீர்பூம் கிராமம் ஒன்றை அப்படியே இறக்கினார். குளம், மரம், மாடு, மனுஷர் எல்லாம் அண்ணாந்து பார்த்தால் தெரியும். 1942-ல் சீனபவனச் சுவரில் சாந்திநிகேதன் வாழ்க்கை.

அப்புறம்தான் பெரிய வேலை. 1946-47-ல் இந்திபவனத்தின் மூன்று சுவர்களில் இடைக்காலத்து பக்தி அருளாளர்கள். கபீர், துளசிதாசர், குரு கோவிந்த் சிங், கூடவே கண் தெரியாத கவி என்று மரபில் சொல்லப்படும் சூர்தாசர். சுவரில் ஈரச் சுண்ணாம்பு பூசி, அது காய்வதற்குள் வண்ணம் தீட்டும் முறை. தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் ஓவியங்களும் இந்த வகை என்று படித்திருப்பீர்கள். இதில் என்ன சங்கடம் என்றால், இன்றைக்குப் பூசிய இடத்தை இன்றைக்கே முடித்தாக வேண்டும். அழித்துத் திருத்த வழியில்லை. அன்றாடம் சிட்டையை அன்றாடமே முடிக்கிற மண்டிக் கணக்கு மாதிரி. அதையும் அவர் சுவர் அளவுக்கு முழு மாதிரிப்படம் வரைந்து வைத்துக்கொள்ளாமல் செய்தார். கிட்டப் போனால்தான் தெரியும் என்கிற ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு, தள்ளி நின்று பார்க்கவேண்டிய மூன்று சுவர்கள்!

பிறகு சாந்திநிகேதனை விட்டுப் போனார். 1949-ல் காட்மாண்டுவில் நேபாள அரசு அருங்காட்சியகத்தில் பொறுப்பு, அப்புறம் ராஜஸ்தானில் பனஸ்தலி வித்யாபீடம், அப்புறம் முசூரி. 1956-57-ல் கண்புரைக்கு ஆபரேஷன் நடந்தது. சரியாக அமையவில்லை. மிச்சமிருந்த பார்வையும் போயிற்று.

1958-ல் கலாபவனம் அவரைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டது. கலைக் கோட்பாடும் கலை வரலாறும் சொல்லித்தர. அதற்கப்புறம் 22 வருஷம் இருந்தார். காகிதம் மடித்து உருவங்கள், வெட்டி ஒட்டிய படங்கள், மெழுகிலும் களிமண்ணிலும் பொம்மைகள், பேனாக் கோட்டோவியங்கள், 1972-ல் கலாபவனச் சுவரில் ஓட்டுச் சில்லுகளால் ஆன பெரிய ஓவியம். 1974-ல் பத்ம விபூஷண். 1980 நவம்பர் 11-ல் காலமானார்.

படம் எடுத்தவர்

சத்யஜித் ராய் 1940-ல் கலாபவனத்தில் மாணவராகச் சேர்ந்தவர். விடுதிக்குள் நுழைந்து அண்ணாந்து பார்த்தால் மேலே அந்தக் கிராமம். அப்படித்தான் ஆசிரியர் மேல் மரியாதை ஆரம்பித்திருக்கிறது. 1942-ல் படிப்பை முடிக்காமலே கிளம்பிவிட்டார். முப்பது வருஷம் கழித்து, உலகமே அறிந்த டைரக்டராகத் திரும்பி வந்து, கண்பார்வை போன தன் வாத்தியாரைப் படம் எடுத்தார். வர்ணனை ராயின் சொந்தக் குரல், இசையும் அவரே. கேமரா சௌமேந்து ராய். முடிவில் வரும் சிதார் நிகில் பானர்ஜி. தேசிய விருதும் கிடைத்தது.

தன் வாத்தியாரைப் பற்றிய படம், அதுவும் கண் போன வாத்தியார். பிழியப் பிழிய அழவைத்திருக்கலாம். ராய் அதைச் செய்யவில்லை. வாழ்க்கையை ஒழுங்காகச் சொல்கிறார், ஓவியங்களை நிதானமாகக் காட்டுகிறார். பார்வை போன செய்தியை மற்ற செய்திகளைச் சொல்கிற அதே குரலில் சொல்லிவிட்டு, அவர் இப்போது செய்யும் வேலைக்கு வந்துவிடுகிறார். கருப்புக் கண்ணாடி போட்ட மனிதர் இடது கையால் காகிதத்தின் ஓரத்தைத் தடவிக்கொள்கிறார். வலது கை பேனாவை ஓட்டுகிறது. பார்வையின்மை என்பது தனக்கு ஒரு புது அனுபவம், இருப்பின் ஒரு புது நிலை என்கிற அர்த்தத்தில் அவரே சொன்னதோடு படம் முடிகிறது.

ஆறு பேர், ஆறு அபிப்பிராயம்

ஜோகா நண்பருக்குத் திருப்தியில்லை. "என்னங்க, டிராமாவே இல்லையே" என்றார். அவர் வான்கோ பற்றிய 'லஸ்ட் ஃபார் லைஃப்' (1956) ரசிகர். கிர்க் டக்ளஸ் காதை அறுத்துக்கொள்வார், அந்தோணி க்வின் ஆஸ்கர் வாங்கினார். நம்ம ஊரிலும் ரவி வர்மாவை வைத்து கேதன் மேத்தா 'ரங் ரசியா' எடுத்தார். 2008-ல் முடிந்து 2014-ல்தான் தியேட்டருக்கு வந்தது. அதிலும் காதல், கோர்ட், கேஸ். ஓவியர் என்றால் கொஞ்சம் கிறுக்கு, நிறைய கண்ணீர் என்று நமக்குப் பழக்கிவிட்டார்கள். நண்பர் மேல் தப்பில்லை.

மகளுக்கு இதற்கு நேர் எதிர். "அழ வைக்காததுதான்ப்பா நல்லாருக்கு. பாவம்னு ஒரு தடவைகூட சொல்லல" என்றாள். எனக்கும் கிட்டத்தட்ட இதே அபிப்பிராயம். ஆனால் நான் சொல்வதற்குள் அவள் சொல்லிவிட்டாள். ஆக, எங்கள் வீட்டில் என் வோட்டு எப்போதும் போல் செல்லாத வோட்டு :-)

தங்கமணி கேட்டது இன்னொன்று. "அவரு வீட்டம்மாவைப் பத்தி இன்னும் கொஞ்சம் சொல்லியிருக்கலாமே?" நியாயமான கேள்வி. லீலா முகர்ஜியும் கலாபவன மாணவிதான், இந்திபவனச் சுவரில் கூட வேலை செய்தவர். நேபாளத்தில் மரச் செதுக்கு வேலை கற்றுச் சிற்பியாகவே பெயர் எடுத்தவர். அவர்கள் மகள் மிருணாளினி முகர்ஜி, சணல் கயிற்றை முடிச்சு முடிச்சாகப் போட்டு ஆள் உயரச் சிற்பங்கள் செய்தவர். 2015-ல் மறைந்தார். 2019-ல் நியூயார்க்கின் மெட் அருங்காட்சியகம் அவருக்கென்றே கண்காட்சி வைத்தது. அப்பா காகிதத்தை மடித்தார், மகள் கயிற்றை முடிந்தார். "ஆக மொத்தம் மூணு பேர் கதை. ஒருத்தர் பேர்ல இருக்கு" என்று தங்கமணி கணக்கை முடித்தாள்.

மாஸ்டர்மொஷாய்க்கு ராய் மேல் குறை சொன்னால் பிடிக்காது. "உங்க ஊர் பாலசரஸ்வதியையும் அவர்தானே எடுத்தார்!" என்றார். உண்மை. 1976-ல் வந்த 'பாலா', தமிழ்நாடு அரசும் பம்பாயின் தேசிய நிகழ்கலை மையமும் சேர்ந்து எடுக்கவைத்த படம். சிறுவனாக இருந்தபோது கல்கத்தாவில் பாலசரஸ்வதியின் ஆட்டத்தைப் பார்த்து மயங்கியவர் ராய். படமெடுக்க நேரம் வந்தபோது அந்த அம்மாவுக்கு 58 வயசு. இளமையில் எடுக்கவில்லையே என்று இன்றைக்கும் ஆதங்கப்படுபவர்கள் உண்டு. மாஸ்டர்மொஷாயின் கட்சி வேறு. "அறுபதை நெருங்கிய நாட்டியக்காரி, கண் போன ஓவியர். இரண்டு பேருமே உடம்பு கொஞ்சம் கைவிட்ட பிறகும் வேலையை விடவில்லை. ராய் அதைத்தான் பார்த்தார்" என்றார்.

ஆறாவது ஆள் அப்பா.

அப்பா பார்க்காத படம்

அப்பா விருதுநகரில் ஒரு மண்டியில் 38 வருஷம் கணக்குப்பிள்ளை. மிளகாய் வத்தல், துவரை, மல்லி. சிட்டையும் பேரேடும் அவர் எழுதினால் அச்சடித்த மாதிரி இருக்கும். நான் பி.காம். சேர்ந்ததே அந்தக் கையெழுத்தைப் பார்த்துத்தான். பத்து வருஷத்துக்கு முன்னால் க்ளாகோமா என்றார்கள். பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வரும் வியாதி. போனது போனதுதான். அம்மா தவறிய பிறகு இரண்டு வருஷம் முன்னால் பெஹாலாவுக்குக் கூட்டி வந்தோம். இப்போது வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது. பாஷையும் தெரியாது. காலையில் பால்கனி, மத்தியானம் ரேடியோ, சாயங்காலம் திரும்பப் பால்கனி. கீழே டயமண்ட் ஹார்பர் ரோட்டுப் பக்கமிருந்து பஸ் கண்டக்டர்கள் கத்துவதைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

படம் ஓடும்போது நடுநடுவே "இப்ப என்னடா செய்யறாரு?" என்று கேட்டார். "பேப்பரை மடிக்கிறாரு." "மடிச்சு?" "மனுஷ உருவம் மாதிரி வருதுப்பா." "யாரு ஒட்டறாங்க?" "பசங்க கூட இருக்காங்க." இப்படியே போயிற்று.

முடிந்ததும் எல்லோரும் அபிப்பிராயம் சொல்லி ஓய்ந்த பிறகு அப்பா மெதுவாகச் சொன்னார்: "அகக்கண்ணு புறக்கண்ணு எல்லாம் சரிதான். கண்ணு போனப்புறம் அந்தாளுக்குத் திரும்பி வேலை குடுத்தாங்க பாரு. அதான் விஷயம்."

யாரும் ஒன்றும் பேசவில்லை. எனக்கு மட்டும் சுருக்கென்றது. ஏன் என்று சொல்கிறேன்.

போன வருஷம் ஊருக்குப் போனபோது அப்பாவின் பென்ஷன் கணக்கு இருக்கிற கிளைக்குக் கூட்டிப் போனேன். என்னுடைய பேங்க் இல்லை, வேறு ஒன்று. பணம் எடுக்கும் சீட்டில் அப்பா கையெழுத்துப் போட்டார். வரி மேலே ஏறிவிட்டது, ஓர் எழுத்தின் மேல் இன்னோர் எழுத்து. கவுண்டரில் இருந்த தம்பி இரண்டு மூன்று தடவை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, மரியாதையாகவே சொன்னான். "ஐயா, கையெழுத்து ஒத்துப் போகல. இனிமே கைநாட்டு வெச்சிருங்களேன்."

38 வருஷம் பேரேடு எழுதிய மனுஷர். மை டப்பாவை முன்னால் நகர்த்திய சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும். "பணம் வேணாம், வாடா போலாம்" என்று எழுந்துவிட்டார்.

அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. கையெழுத்து ஒத்துப் போகாமல் பணம் கொடுத்தால் நாளைக்கு அவன்தான் பதில் சொல்ல வேண்டும். ஆனால் புதிதாக மாதிரிக் கையெழுத்து வாங்கிப் பதிவு செய்திருக்கலாம். இதை அங்கேயே நான் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதைவிடச் சுலபமான வேலை ஒன்று செய்தேன். கணக்கை என் பெயரோடு சேர்த்து ஜாயிண்ட் ஆக்கினேன். பாஸ்புக், கார்டு எல்லாம் என் அலமாரிக்கு வந்தது. "உங்களுக்கு எதுக்குப்பா சிரமம்" என்றேன். அவரும் சரி என்றார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் வேலையில் சேர்ந்த புதிதில், ஒரு சின்ன ஊர்க் கிளையில், கண் தெரியாத பாட்டு வாத்தியார் ஒருவர் செக் புக் கேட்டு வந்தார். "கண் தெரிஞ்ச யாரையாவது சேர்த்து ஜாயிண்ட் அக்கவுண்ட் போட்டுட்டு வாங்க சார்" என்று திருப்பி அனுப்பினேன். அவருடைய நன்மைக்கு என்றுதான் நினைத்தேன். 2008 ஜூனில் ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்டது. பார்வையற்ற வாடிக்கையாளர்களுக்கு செக் புக், ஏ.டி.எம்., லாக்கர், கடன் எதையும் பாரபட்சம் பார்த்து மறுக்கக்கூடாது என்று. அதைப் படித்த அன்றைக்கு அந்த வாத்தியார் முகம் ஞாபகம் வந்தது. ஆனால் பல வருஷம் கழித்து, என் அப்பாவுக்கும் அதே ஜாயிண்ட் அக்கவுண்ட்தான் போட்டேன்!

திரும்ப அந்த மனிதரிடம்

அப்பா சொன்னதை வைத்துக்கொண்டு பினோத் பிஹாரியின் வாழ்க்கையைத் திரும்பப் படித்தேன். வேறு மாதிரி தெரிந்தது. அவருடைய திறமையும் பிடிவாதமும் அவருடையதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் யாரோ ஒருவர் கதவைச் சாத்தாமல் வைத்திருந்தார்கள். 1919-ல் 'பையனை விடுங்கள்' என்ற தாகூர். 1925-ல் அரைப் பார்வைக்காரரை ஆசிரியராக வைத்துக்கொண்ட நந்தலால். இந்திபவனச் சுவரில் கூட நின்று வேலை செய்த மாணவர்கள். 1958-ல் முழுக்கப் பார்வை போனவரைத் திரும்பக் கூப்பிட்ட கலாபவனம். 1972-ல் அவர் மடித்த உருவங்களைச் சுவருக்கு ஏற்றிய கைகள்.

அந்த மாணவர் வரிசையில் நம்மவர் ஒருவரும் உண்டு. கே.ஜி. சுப்ரமணியன், கேரளத்தில் கூத்துப்பறம்பில் 1924-ல் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தபோது சுதந்திரப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனார். 1944-ல் சாந்திநிகேதன் வந்து பினோத் பிஹாரியிடம் படித்தார். பிற்காலத்தில் அவரே பெரிய ஓவியர், பெரிய ஆசிரியர். பார்வை போன பிறகு தன் குரு வங்காளியில் எழுதியவை 'சித்ரகர்' என்று புத்தகமாக வந்தன. 1980-ல் ரவீந்திர புரஸ்கார் வாங்கிய அந்தப் புத்தகத்தை ஆங்கிலத்தில் கொண்டுவந்தவர் இந்த சுப்ரமணியன்தான், 2006-ல். குருவை அவர் பரிதாபப்பட்டுப் பார்க்கவில்லை, படித்தார்.

நம்மைப் போல் ஊரை விட்டு வந்த குடும்பங்களுக்கு இதில் ஒரு கணக்கு இருக்கிறது. அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருகிறோம். நல்ல டாக்டர், வேளைக்குச் சாப்பாடு, தனி ரூம், எல்லாம் வரவு. பற்று எழுதுகிறோமா? கடைக்குப் போகிற வேலையை எடுத்துக்கொண்டோம். பேச்சுத் துணையை எடுத்துக்கொண்டோம். பாஸ்புக்கை எடுத்துக்கொண்டோம். ஒவ்வொன்றும் அன்பினால்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் வீட்டில் ஒன்று மாறியிருக்கிறது. மாசச் செலவுக் கணக்கு அப்பா பொறுப்பு. ராத்திரி மகள் வாசிப்பாள், "மீன் 340, ஆட்டோ 60, மின்சாரம் 2,180." அப்பா மனசிலேயே கூட்டிக்கொண்டு போவார். போன மாசம் என் கணக்கில் 200 ரூபாய் உதைத்தது. கண்டுபிடித்தவர் அவர். அன்றைக்கு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

கையெழுத்துக்கும் ஒரு வழி. பழைய காலண்டர் அட்டையில் கையெழுத்து அளவுக்கு நீளமாக ஒரு ஓட்டை வெட்டினேன். அட்டையைத் தாள் மேல் வைத்து, இடது கை விரலால் ஓரத்தைத் தடவிப் பிடித்துக்கொண்டு, ஓட்டைக்குள் எழுத வேண்டும். வரி ஏறாது. இருபது நிமிஷப் படத்தில் அந்த இடது கையைப் பார்த்தபோது வந்த யோசனைதான். கடைகளிலும் இப்படி பிளாஸ்டிக்கில் கிடைக்கிறதாம். அப்பாவுக்கு அட்டையே போதும் என்கிறார்.

முதல் நாள் எழுதியது கோழி கிண்டிய மாதிரி இருந்தது. இப்போது பழைய கையெழுத்து இல்லை, ஆனால் ஒரு கையெழுத்து. பத்துத் தடவை போட்டால் எட்டு தடவை ஒரே மாதிரி விழுகிறது. மற்ற இரண்டுக்கு அவருக்கே கோபம் வந்து தாளைக் கிழிக்கிறார்.

அடுத்த மாசம் விருதுநகர் போகிறோம். அதே கிளை, அதே கவுண்டர். புது மாதிரிக் கையெழுத்துக்கு விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறேன். ஏற்றுக்கொள்வார்களா, நாலு தடவை அலைய விடுவார்களா, தெரியாது. இந்தத் தடவை பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்கப் போவதில்லை. நேற்று ராத்திரி அப்பா அந்த அட்டையைத் தன் சட்டைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டார். "உன்கிட்ட இருந்தா தொலைச்சிருவடா" என்றார்.